ஊசி எடுத்த பிறகு வரும் சண்டை

எங்கள் யூனிட்டில் ஒரு அம்மா சண்டை போடுவார். சண்டை போடுகிற நோயாளிகள் எல்லா ஆஸ்பத்திரியிலும் உண்டு, அதில் ஒரு விசேஷமும் இல்லை. இந்த அம்மா சண்டைக்கென்று ஒரு நேரம் வைத்திருந்தார், அதுவும் தப்பான நேரம். அந்த நேரம்தான் என்னைப் போட்டுக் குடைந்தது.

நான் மந்தைவெளியில் ஒரு டயாலிசிஸ் மையத்தில் பகல் ஷிப்டுக்கு இன்சார்ஜ் நர்ஸ். இங்கே வருகிறவர்கள் எல்லாரும் கெட்டுப்போன கிட்னிக்குப் பதிலாக மெஷினை நம்பி வருகிறவர்கள். வாரத்தில் மூன்று நாள் வந்து, கையில் இரண்டு பெரிய ஊசி போட்டுக்கொண்டு, நாலு மணி நேரம் படுத்திருக்க வேண்டும். ரத்தம் ஒரு ஊசி வழியாக மெஷினுக்குப் போய், சுத்தமாகி, இன்னொரு ஊசி வழியாக உடம்புக்குத் திரும்பும். ஒரு தடவை வராமல் விட்டால் உடம்பில் தண்ணீர் ஏறும், மூச்சு வாங்கும். அதற்கு மேலும் விட்டால் என்ன ஆகும் என்று எங்கள் யூனிட்டில் யாரும் வாயால் சொல்வதில்லை.

எனக்குக் கோபம் மூக்கு நுனியில் நிற்கும். மேற்கு மாம்பலத்தில் எங்கள் தெருவில் குப்பை போடுகிறவர்களைக் கேட்டால் தெரியும். ஆனால் வேலையில் யாராவது கத்தினால் கோபத்துக்கு முன்னால் ஏன் என்ற கேள்வி வந்து நின்றுகொள்ளும். அது என் நல்ல குணம் என்று சொல்லிக்கொள்ள மாட்டேன், வெறும் அரிப்பு. பக்கத்து வீட்டில் பாத்திரம் விழுந்தால் என்ன பாத்திரம் என்று தெரியாமல் எனக்குச் சோறு இறங்காது. "நீங்க போலீஸ்ல சேந்திருக்கணும் சிஸ்டர்" என்று எங்கள் டெக்னீஷியன்கள் கிண்டல் செய்வார்கள்.

டயாலிசிஸில் கோபம் எப்போது வரும் என்று எங்களுக்கு ஒரு கணக்கு உண்டு. வந்தவுடன் வரும், காத்திருக்க வைத்தால். ஊசி குத்தும்போது வரும், முதல் குத்து தவறினால் கட்டாயம் வரும். நடுவில் தாகத்தில் வரும். அளந்துதான் தண்ணீர் குடிக்கலாம் என்பதால், ஒரு டம்ளர் மோருக்கு ரிடையர்டு ஜட்ஜ் மாதிரி இருக்கிறவர்கூடச் சின்னப் பிள்ளை போல மல்லுக்கு நிற்பார். ஆனால் எல்லாம் முடிந்து, ஊசியை எடுத்து, பேண்டேஜ் ஒட்டின பிறகு யாருக்கும் கோபம் வராது. அடித்துப் போட்டாற்போல் இருப்பார்கள், விட்டால் போதும் என்று செருப்பைத் தேடுவார்கள்.

இந்த அம்மா அப்படியே தலைகீழ். காலையில் வரும்போதே கலகலவென்று வருவார். இஸ்திரி போடுகிறவர். மந்தைவெளி மார்க்கெட் பக்கத்துச் சந்தில் மரத்தடியில் வண்டி வைத்து, கரிப்பெட்டியால் பாதித் தெருவின் சட்டையைத் தேய்த்தவர். ஆற்றங்கரையில் இருந்த வீட்டை எடுத்துவிட்டு ஊருக்கு வெளியே அடுக்குமாடியில் கொண்டுபோய்க் குடியேற்றியபோது வண்டி போனது. பிறகு கிட்னியும் போனது. டயாலிசிஸுக்காக ஆபரேஷன் பண்ணின கையால் பாரம் தூக்கக் கூடாது, அதனால் இஸ்திரிப் பெட்டியும் போனது. ஆனால் கண் மட்டும் போகவில்லை. என்னைப் பார்த்தவுடன் முதலில் யூனிபார்மைத்தான் பார்ப்பார்.

"இன்னா சிஸ்டர், எவன் தேச்சான் இத்த? காலர்ல தண்ணி தெளிக்காமயே இஸ்துக்கீறான்."

"நான்தான் தேச்சேன்."

"அதான பாத்தேன். நீ ஊசி குத்துற வேலைய மட்டும் பாரு."

ஊசி குத்தும்போது முகத்தைக்கூடச் சுளிக்க மாட்டார். நாலு மணி நேரமும் பக்கத்துப் படுக்கைக்காரரோடு கதை. கடைசியில் நாங்கள் மெஷினை நிறுத்தி, ஊசியை எடுத்து, பேண்டேஜைக் கட்டி, "முடிஞ்சிருச்சும்மா, பாத்துக் கிளம்புங்க" என்று சொன்னதும் சாமி வந்தமாதிரி ஆகிவிடும். பேண்டேஜ் இறுக்கமாக இருக்கிறது. இல்லை, லூசாக இருக்கிறது. பி.பி. சரியாகப் பார்க்கவில்லை, மறுபடி பார். இந்த டெக்னீஷியன் பயலுக்கு வேலை தெரியவில்லை, அடுத்த தபா இவன் என் பக்கத்திலேயே வரக் கூடாது. இந்தத் தலகாணி என்னுது, எவனுக்கும் குடுக்காத. ஜன்னலோர பெட்டு எனக்குத்தான், வேற எவனாவது குந்தினா நடக்குறதே வேற. இதெல்லாம் நான் எழுதக் கூடிய பகுதி. எழுத முடியாத பகுதியும் உண்டு, அது அப்பன் பாட்டன் வரைக்கும் போகும்.

நாங்களும் பழக்கதோஷத்தில் "அதெல்லாம் அப்பப் பாத்துக்கலாம், இப்பக் கிளம்புங்க" என்போம். அவ்வளவுதான், இன்னும் ஒரு சுற்று வரும்.

ஒரு நாள் கையில் இருந்த பேண்டேஜ் சுருளை விட்டெறிந்தார். அது பக்கத்துப் படுக்கையில் இருந்த மயிலாப்பூர் மாமாவின் கால்மாட்டில் போய் விழுந்தது. மாமா ஒரு காலேஜில் கணக்கு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை, இன்னும் சொன்னால் அந்த அம்மாவோடு அவருக்கு நல்ல சிநேகம். அவரை அழைத்துப்போக வந்த மகள்தான் நேரே மேலாளர் அறைக்குப் போய்ப் புகார் சொல்லிவிட்டாள். அவளையும் குற்றம் சொல்ல முடியாது. அப்பாவின் மேல் எதையாவது எறிந்தால் நானும் போயிருப்பேன்.

மேலாளர் என்னைக் கூப்பிட்டார். கெட்ட மனிதர் இல்லை, புகாருக்குப் பயந்தவர். "இன்னொரு தடவை இப்படி நடந்தா, வடசென்னைல நம்ம இன்னொரு சென்டருக்கு அவங்கள மாத்திடலாம் சிஸ்டர். அங்க இடம் இருக்கு. இங்க காத்திருக்கிறவங்க எத்தன பேருன்னு உங்களுக்கே தெரியும்."

எனக்குத் தெரியும். இன்னொன்றும் தெரியும். அந்த அம்மா இருக்கிற அடுக்குமாடியிலிருந்து மந்தைவெளி டிப்போவுக்கு நேர் பஸ் ஒன்று உண்டு. அந்த ஒரு பஸ்ஸை நம்பித்தான் அவர் உயிரோடு இருந்தார். வடக்கே போக வேண்டுமென்றால் பஸ் மாறி, பிறகு இன்னொன்று மாறி, ஷேர் ஆட்டோ பிடிக்க வேண்டும். டயாலிசிஸ் முடிந்த உடம்போடு அதை வாரத்துக்கு மூன்று நாள் யாரும் செய்ய மாட்டார்கள். முதல் வாரம் போவார்கள். அப்புறம் ஒரு நாள் விடுவார்கள். நான் அப்படி விட்டவர்களைப் பார்த்திருக்கிறேன்.

"ஒரு ரெண்டு வாரம் குடுங்க சார்" என்றேன். எதற்கு என்று கேட்டார். கண்டுபிடிக்க என்றேன். எதைக் கண்டுபிடிக்க என்று அவர் கேட்பதற்குள் வெளியே வந்துவிட்டேன்.

முதலில் பி.பி. என்று நினைத்தேன். மெஷினை விட்டு எழுந்ததும் ரத்த அழுத்தம் விழுந்தால் சிலருக்கு எரிச்சல் வரும், குழப்பம் வரும். எடுத்துப் பார்த்தால் என்னுடையதைவிட அழகாக இருந்தது. சரி, பசி. கடைசி அரை மணியில் பிஸ்கட் கொடுத்துப் பார்த்தேன். தின்றுவிட்டு, வாயைத் துடைத்துக்கொண்டு, அதே தெம்போடு சண்டை போட்டார். டெக்னீஷியனை மாற்றினேன், புதியவருக்கும் அதே மரியாதை கிடைத்தது. வீட்டில் ஏதாவது பிரச்சினையா, திரும்பிப் போகப் பிடிக்கவில்லையா என்று நாசூக்காகக் கேட்டேன்.

"வூட்ல இன்னா பிரச்சன? என் மருமவ தங்கம். நீ இன்னாத்துக்கு என் வூட்ட நோண்டிக்கினு கீற?"

இதற்கு மேல் எதை நோண்டுவது என்று எனக்கும் தெரியவில்லை. பஸ்ஸில் உட்கார்ந்து யோசித்து யோசித்து, இறங்க வேண்டிய நிறுத்தத்தைத் தாண்டிப் போனதுதான் மிச்சம். வீட்டில் சாம்பாருக்கு உப்பு ரெண்டு தடவை விழுந்தது. என் கணவர் மோர் ஊற்றிச் சாப்பிட்டார்.

அப்புறம் அந்தப் புதன்கிழமை வந்தது. நான் உள்ளே வேறொருவருக்கு வந்த மூச்சுத் திணறலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மணியைப் பார்த்தால் அந்த அம்மாவுக்கு முடியும் நேரம் தாண்டிவிட்டது. சத்தமே இல்லை. சத்தம் போடுகிறவர் போடாவிட்டால் நர்ஸுக்கு வருகிற பயம் வேறு. ஓடிப் போய்ப் பார்த்தால் ஜன்னலோரப் படுக்கை காலி, தலையணை மடிப்புக் கலையாமல் நடுவில். மணிப்பூரிலிருந்து வந்த நர்ஸ் பெண் மெஷினைத் துடைத்துக்கொண்டிருந்தாள். எங்களிடம் சேர்ந்து கொஞ்ச நாள்தான் ஆகிறது. பக்கத்தில் ஒரு லேடீஸ் ஹாஸ்டலில் தங்கி, ஹாஸ்டல்காரம்மாவிடம் தமிழ் பிடித்துக்கொண்டவள். நல்ல தமிழ், ஆனால் எங்கே கால் வைக்கும் என்று சொல்ல முடியாது.

"அந்தம்மா எங்க?"

"போச்சு அக்கா."

"போச்சுன்னா?"

"வீட்டுக்குப் போச்சு. பஸ்ஸுக்கு."

"சண்ட போடலியா?"

"இல்லையே. சிரிச்சாங்க."

சிரித்தாராம். அந்தப் பெண்ணை ஸ்டூலில் உட்காரவைத்து, பேண்டேஜ் எப்படிக் கட்டினாய், எந்தக் கையால் கட்டினாய், எந்தப் பக்கம் நின்றாய் என்று ஒன்றொன்றாகக் கேட்டேன். பாவம், ஏதோ தப்புச் செய்துவிட்டோம் என்று அவள் முகம் சுருங்கிவிட்டது. எல்லாம் நாங்கள் செய்கிற மாதிரியேதான் செய்திருந்தாள். கடைசியில் என்ன சொன்னாய் என்று கேட்டேன்.

"போயிட்டு வாங்கம்மான்னு சொன்னேன் அக்கா."

என் கை தானாகத் தலைக்குப் போய்விட்டது. "அய்யய்யோ, அதெல்லாம் ஆஸ்பத்திரியில சொல்லக் கூடாதும்மா" என்றேன்.

நம் ஊரில் வீட்டுக்கு வந்தவர் கிளம்பினால் போயிட்டு வாங்க என்றுதான் சொல்வோம். வெறுமனே போங்க என்று யாரும் சொல்ல மாட்டோம், அபசகுனம். போகிறவரும் வரேன் என்றுதான் சொல்வார். ஆனால் இரண்டு இடத்தில் மட்டும் இதைச் சொல்வதில்லை. துக்க வீட்டில் சொல்லிக்கொள்ளாமல் கிளம்பி வருவோம். ஆஸ்பத்திரியில் யாரையும் திரும்ப வா என்று சொல்ல மாட்டோம். பிரசவ வார்டிலிருந்து ஐ.சி.யூ. வரைக்கும் நான் வேலை பார்த்த எல்லா இடத்திலும் இதுதான். யாரும் எழுதி வைத்த சட்டமில்லை, நர்ஸுகளுக்கு வாயிலேயே ஊறிப் போனது. ஹாஸ்டல்காரம்மா அந்தப் பெண்ணுக்கு வீட்டு வழக்கத்தைச் சொல்லிக் கொடுத்திருக்கிறார். ஆஸ்பத்திரி வழக்கத்தை அவர் எங்கே கண்டார்.

சொல்லக் கூடாது என்று அவளுக்கு விளக்கிக்கொண்டே இருந்தவள் பாதியில் நிறுத்திவிட்டேன். அந்த அம்மா கத்துகிற கத்தல் எல்லாம் காதில் வரிசையாக ஓடியது. அடுத்த தபா இவன் வரக் கூடாது. தலகாணிய எவனுக்கும் குடுக்காத. ஜன்னலோர பெட்டு எனக்குத்தான். அத்தனை வசவிலும் அடுத்த தடவை இருந்தது. மற்ற வார்டுகளில் திரும்பி வராமல் இருப்பதுதான் பிழைத்ததற்கு அர்த்தம். டயாலிசிஸில் திரும்பி வந்தால்தான் பிழைத்ததாக அர்த்தம். அந்த அம்மா ஒவ்வொரு முறையும் திரும்பி வருவேனா என்று கேட்டிருக்கிறார், நாங்கள் முடிஞ்சிருச்சு, கிளம்புங்க என்று அனுப்பியிருக்கிறோம்.

இது என் ஊகம்தான். ஊகத்தைச் சோதித்துப் பார்க்காமல் என்னால் இருக்க முடியாது. வெள்ளிக்கிழமை நானே போய் நின்றேன். கண்ணாடிக் கதவுக்கு வெளியே மேலாளர் யாரோடோ பேசுகிற மாதிரி நின்று உள்ளே பார்த்துக்கொண்டிருந்தார். நான் கேட்ட ரெண்டு வாரம் அன்றோடு முடிந்தது. ஊசியை எடுத்தேன், அழுத்திப் பிடித்தேன், பேண்டேஜைக் கட்டினேன். அவர் முகம் மாற ஆரம்பித்தது.

"இன்னா கட்டு இது? நாய்க்குக் கட்ற மாரி..."

சொல்ல வேண்டியதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. இத்தனை வருஷம் ஒரு நோயாளியிடம்கூடச் சொல்லாத வார்த்தை. நான் சொல்லி இவருக்கு ஏதாவது ஆகிவிட்டால்? படித்தவள், வெள்ளை யூனிபார்ம் போட்டவள், அபசகுனத்துக்குப் பயந்து நின்றேன். அதற்குள் குரல் இன்னும் ஒரு படி ஏறியது. மேலாளர் கதவில் கை வைத்துவிட்டார்.

"போயிட்டு வாங்கம்மா" என்றேன். போதாது என்று தோன்றியது. "திங்கக்கெழமை வாங்க. தலகாணிய நான் எடுத்து வெக்கிறேன்."

பாதி வசவில் நின்றார். என்னை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு பேண்டேஜை ஒரு முறை தடவிப் பார்த்துக்கொண்டார்.

"வரேன் சிஸ்டர்" என்று சொல்லிச் செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார். மேலாளர் கதவைப் பிடித்து அவருக்கு வழிவிட்டார்.

எனக்கு வந்த சந்தோஷத்தில் எல்லாரிடமும் சொல்லிப் பார்க்கக் கிளம்பிவிட்டேன், அதுதான் என் புத்தி. முதலில் மயிலாப்பூர் மாமாவிடம் போனேன். நான் வாயைத் திறந்ததுமே அவர் கையெடுத்துத் தடுத்தார்.

"என்கிட்ட மட்டும் அதச் சொல்லாதீங்கோ சிஸ்டர். மாத்துக் கிட்னிக்குப் பதிவு பண்ணிட்டுக் காத்துண்டிருக்கேன். இங்க இனிமே வரப்படாதுன்னு தினம் கபாலீஸ்வரர்கிட்ட வேண்டிக்கறேன். நீங்க வா வான்னா அவர் யார் பேச்சக் கேப்பார்?"

அதுவும் நியாயம்தானே. எல்லாருக்கும் ஒரே மருந்து கிடையாது. அதன் பிறகு யாருக்குச் சொல்வது, யாருக்குச் சொல்லாமல் விடுவது என்று ஒவ்வொருவர் முகமாகப் பார்த்தோம். சிலருக்கு வாங்க. மாமாவுக்கு வெறும் தலையாட்டல். மாமாவின் மகள் ஒரு நாள் அந்த அம்மாவிடம் தன் பட்டுப்புடவைக்கு எந்தச் சூட்டில் தேய்க்க வேண்டும் என்று கேட்டு, நல்ல வாங்கு வாங்கிக்கொண்டாள். பட்டைப் போய் யாராவது வீட்டில் தேய்ப்பார்களா என்று. அந்தச் சண்டையை நான் கணக்கில் சேர்க்கவில்லை.

மழைக்காலம் வந்தது. ஒரு திங்கட்கிழமை விடிகாலையிலிருந்து விடாமல் கொட்டியது. நான் வந்து சேர்வதற்குள் இடுப்புவரை நனைந்துவிட்டேன். ஜன்னலோரப் படுக்கை தவிர எல்லாம் நிரம்பியிருந்தது. அந்த அம்மா குடியிருக்கிற பக்கம் ரோடெல்லாம் தண்ணீர், பஸ் விடவில்லை என்று டெக்னீஷியன் மொபைலில் பார்த்துச் சொன்னான். அவருக்குப் போன் போட்டால் போகவில்லை. வெளியே ஒருவர் இன்னொரு மையத்தில் மின்சாரம் போய்விட்டது என்று இங்கே வந்து காத்திருந்தார். நடக்கவே முடியாமல் மகன் தோளில் சாய்ந்துகொண்டிருந்தார்.

மேலாளர் என் பக்கத்தில் வந்து நின்றார். "அந்தம்மா இன்னிக்கு வரமாட்டாங்க சிஸ்டர். ஜன்னல் பெட்ட இவருக்குக் குடுத்துடலாம்."

"வேற ஒரு பெட்டு காலியாகும் சார். அதுல போடலாம்."

"அதுக்கு இன்னும் நேரமாகும். இந்த மழைல அவங்க எப்படி வருவாங்க?"

"வருவாங்க சார். வரேன்னு சொல்லிட்டுப் போயிருக்காங்க."

சொல்லிவிட்டேனே தவிர, எனக்கே அது முட்டாள்தனமாகப் பட்டது. வெளியே இருந்தவர் கண்ணை மூடிக்கொண்டிருந்தார். அவர் மகன் என்னையே பார்த்தான். சுவரோரத்துப் படுக்கையில் இருந்தவருக்கு முடிகிற நேரம் நெருங்கிக்கொண்டிருந்தது, அவருக்கு முடிந்ததும் மெஷினைச் சீக்கிரம் சுத்தம் செய்து இவரை அங்கே ஏற்றினோம். அவருக்கு ஊசி ஏறி மெஷின் ஓடுகிற வரைக்கும் நான் அங்கேயே நின்றேன். அதற்குப் பிறகும் ஜன்னல் படுக்கை காலியாகவே கிடந்தது. மேலாளர் ரெண்டு தடவை அந்தப் பக்கம் நடந்துவிட்டுப் போனார்.

மதியம் தாண்டிக் கதவு திறந்தது. சேலை முழங்கால் வரைக்கும் சேறு. மூச்சு இரைத்துக்கொண்டிருந்தது, முகம் உப்பியிருந்தது. ஊசி போடுகிற கையை மட்டும் ஒரு பிளாஸ்டிக் பையில் சுற்றி, ரப்பர் பேண்ட் போட்டு, தலைக்கு மேலே தூக்கிப் பிடித்தபடியே வந்தார். அந்தக் கை மட்டும் ஒரு சொட்டு நனையவில்லை.

என் கோபம் அப்போதுதான் வந்தது. "இந்தத் தண்ணியில யாரு உங்கள வரச் சொன்னது? வழியில ஏதாவது ஆகியிருந்தா?"

"நீதான சொன்ன" என்றார், கையைக் கீழே இறக்காமலே. "வாங்கன்னு சொன்ன, நான் வரேன்னு சொன்னேன். தலகாணி எங்க?"

அலமாரியிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். படுக்கையில் ஏறிப் படுத்து, மூச்சு கொஞ்சம் அடங்கினதும் என் ஈரக் காலரைப் பார்த்து அவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். நான் பையைப் பிரித்து, அந்தக் கையை என் மடியில் வைத்துக்கொண்டேன்.